டிரினிடாட் டொபாகோ: தடை போட்டதெல்லாம் தேசியச் சொத்தான நாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கரீபியன் என்றதும் நம் ஆட்களுக்குக் கிரிக்கெட்டும் கடற்கரையும்தான் ஞாபகம் வரும். டிரினிடாட் டொபாகோ பற்றிப் பேச்சு வந்தால் அடுத்தடுத்து வருகிற கேள்விகள் பெரும்பாலும் கீழே இருப்பவைதான், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். இந்த நாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஆண்டவர்கள் எதையெல்லாம் சட்டம் போட்டுத் தடுத்தார்களோ, இடித்தார்களோ, சுட்டார்களோ, அதையெல்லாம் இந்த மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டு இன்று தங்கள் நாட்டின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

டிரினிடாடும் டொபாகோவும் ஒரே நாடா, இரண்டு நாடா?

ஒரே நாடு, இரண்டு தீவுகள். டிரினிடாட் பெரியது, கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டர். டொபாகோ வெறும் 300. மொத்த மக்கள்தொகை சுமார் 14 லட்சம். தெற்கே வெனிசுவேலா கூப்பிடு தூரம்தான், மிக நெருங்கிய இடத்தில் 11 கிலோமீட்டர். ஒரு காலத்தில் டிரினிடாட் தென் அமெரிக்காவோடு ஒட்டியே இருந்த நிலம் என்பதால் அங்கே இருக்கும் பறவை, பாம்பு, மரம் எல்லாமே மற்ற கரீபியத் தீவுகளைவிடத் தென் அமெரிக்காவைத்தான் ஒத்திருக்கும். புயல்களும் பெரும்பாலும் வடக்கே ஒதுங்கிப் போய்விடும்.

இரண்டு தீவும் சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. டொபாகோவின் சர்க்கரைத் தொழில் படுத்துவிட்டது, தனியாக நிர்வாகம் நடத்தச் செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் 1889-இல் ஆங்கிலேயர்கள் அதை டிரினிடாடோடு சேர்த்துவிட்டார்கள். 1962 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை, 1976-இல் குடியரசு. முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் ஒரு வரலாற்று அறிஞர், 1981-இல் இறக்கும்வரை அவர்தான் பிரதமர்.

ஸ்பெயின் 300 வருஷம் ஆண்டதாமே, அப்புறம் ஏன் அங்கே ஆங்கிலம்?

கொலம்பஸ் தன் மூன்றாவது பயணத்தில், 1498 ஜூலை 31 அன்று, மூன்று குன்றுகளைப் பார்த்து 'திரித்துவம்' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். அதிலிருந்து 1797 வரை ஸ்பெயினின் கொடிதான் பறந்தது. ஆனால் ஸ்பெயின்காரர்கள் அங்கே குடியேற அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. தீவு வெறிச்சோடிக் கிடந்ததால் 1783-இல் ஸ்பெயின் அரசர் ஓர் ஆணை போட்டார்: கத்தோலிக்கராக இருந்தால் போதும், வந்து குடியேறுபவருக்கு நிலம் இலவசம், கூட்டிவரும் ஒவ்வோர் அடிமைக்கும் கூடுதல் நிலம். பக்கத்துத் தீவுகளிலிருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். ஆக, கொடி ஸ்பெயினுடையது, வீட்டிலும் சந்தையிலும் பேச்சு பிரெஞ்சு கலந்த பத்துவா. 1797-இல் ஆங்கிலேயர்கள் பிடித்த பிறகும் அந்தப் பேச்சு நூறு வருஷத்துக்கு மேல் நின்றது.

வரைபடத்தைப் பார்த்தாலே இது தெரியும். சான் ஃபெர்னாண்டோ ஸ்பானிஷ், பிளாஞ்சிசூஸ் பிரெஞ்சு (சலவைக்காரி என்று பொருள்), அரிமா பூர்வகுடிப் பெயர், ஃபைசாபாத் நம் உத்தரப் பிரதேசத்திலிருந்து போனது. கிறிஸ்துமஸ் வந்தால் வீடு வீடாகப் போய்ப் பாடும் 'பராங்' பாட்டு மட்டும் இன்றும் ஸ்பானிஷில்தான்.

டொபாகோ பல தடவை கை மாறியது என்கிறார்களே, எத்தனை தடவை?

முப்பது தடவைக்கு மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேயர் எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கூர்லாந்து. இன்றைய லாட்வியாவில் இருந்த ஒரு சின்னக் கோமகன் நாடு அது. 1654-இல் அங்கிருந்து ஆட்கள் கப்பலேறி வந்து டொபாகோவில் குடியேற்றம் அமைத்தார்கள். ரொம்ப நாள் நிலைக்கவில்லை, ஆனால் டொபாகோவில் 'கிரேட் கூர்லாந்து பே' என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

எண்ணெய் பீப்பாயில் எப்படி இசை வருகிறது? ஸ்டீல் பான் யார் கண்டுபிடித்தது?

எண்ணெய் பீப்பாயை அடித்துச் செய்யும் இசைக்கருவிதான் ஸ்டீல் பான், சுருக்கமாகப் பான். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு முதலாளிகள் தவக்காலத்துக்கு முன்னால் முகமூடி போட்டுக்கொண்டு விருந்தும் ஆட்டமுமாக இருப்பார்கள். அதுதான் கார்னிவல். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838-இல் முழு விடுதலை கிடைத்ததும் கறுப்பின மக்கள் கார்னிவலைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால், நடுராத்திரியானாலும் அடிமைகளைத் தீப்பந்தத்தோடு விரட்டிக்கொண்டு போய் வேலை வாங்குவது வழக்கமாக இருந்தது. அந்தக் கொடுமையின் நினைவையே அவர்கள் தீப்பந்தம், முரசு, கம்புச் சண்டை என்று ஊர்வலமாக ஆக்கினார்கள். அதன் பெயர் கான்புலே, 'எரிந்த கரும்பு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1881-இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கேப்டன் பேக்கர் என்ற அதிகாரி போலீசோடு அதை அடக்கப் போய்ப் பெரிய மோதலில் முடிந்தது. மூன்று வருஷம் கழித்து, 1884-இல், முரசுக்கும் தீப்பந்தத்துக்கும் சட்டப்படி தடை வந்தது.

தோல் முரசு கூடாதா, சரி, மூங்கில் இருக்கிறதே என்றார்கள். வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டி, பெரியதைத் தரையில் குத்தி, சிறியதைக் குச்சியால் தட்டித் தாளம் உண்டாக்கினார்கள். 'டாம்பூ பாம்பூ' என்று பெயர். ஐம்பது வருஷம் கார்னிவலை நடத்தியது இந்த மூங்கில்தான். ஆனால் மூங்கில் பிளந்துபோகும், தெருவில் குத்திக்கொண்டே நடந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. 1930-களில் இளைஞர்கள் பிஸ்கட் டின், பெயிண்ட் டின், குப்பைத் தொட்டி மூடி, காரின் பிரேக் டிரம் என்று கிடைத்த இரும்பையெல்லாம் தட்ட ஆரம்பித்தார்கள். அடிபட்டு நெளிந்த இடம் வேறு சுரம் கொடுக்கிறது என்பதைக் கவனித்தார்கள். அங்கேதான் எல்லாம் மாறியது.

ஒரே ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது நியாயமில்லை. வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் டின்னில் முழு மெட்டு வாசித்துக் காட்டினார், எல்லி மானெட் பெரிய பீப்பாயின் அடியை உட்குழிவாக அடித்து வடிவம் கொடுத்தார், டோனி வில்லியம்ஸ் சுரங்களைச் சிலந்தி வலைபோல் அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இவர்கள் எல்லோரும் ஏழைக் குடியிருப்புப் பையன்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் கார்னிவலுக்கே தடை இருந்தது. 1945-இல் போர் முடிந்த செய்தி வந்த அன்று இந்த இரும்புக் கூட்டங்கள் தெருவை நிறைத்தன. எண்ணெய் எடுக்கும் நாடு, போதாததற்கு அமெரிக்கக் கடற்படைத் தளம் வேறு, அதனால் 55 கேலன் பீப்பாய்க்குப் பஞ்சமே இல்லை.

செய்யும் விதம் இதுதான். பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணம்போல் இறக்குவார்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் எல்லை போட்டு, பக்கச் சுவரைத் தேவையான உயரத்தில் அறுப்பார்கள். குட்டையாக அறுத்தால் உச்சஸ்தாயி, முழுப் பீப்பாயாக விட்டால் மந்திரஸ்தாயி. பிறகு நெருப்பில் காய்ச்சி, சின்னச் சுத்தியலால் மேலும் கீழும் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இதற்கென்று இருக்கும் ஆட்களுக்கு அங்கே தனி மரியாதை. மந்திரஸ்தாயி வாசிப்பவர் ஒருவரே ஆறு, ஒன்பது பீப்பாய்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு நடுவில் நின்று ஆடியபடியே வாசிப்பார்.

ஆரம்பத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? ரவுடிகளின் சத்தம். குழுக்களுக்குள் வெட்டுக்குத்து நடந்தது உண்மைதான். 'நல்ல குடும்பத்துப்' பிள்ளை பான் வாசிக்கப் போனால் வீட்டில் அடி விழும். அப்படி இருந்தது 1951-இல் இந்தப் பையன்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு குழு லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்குப் போய் வாசித்த பிறகு மாறத் தொடங்கியது. 1963 முதல் பனோரமா என்ற பெரிய போட்டி. ஒரு குழுவில் நூறு பேருக்கு மேல், பெரும்பாலானோர் இசைக் குறிப்பைப் பார்த்து வாசிப்பவர்கள் அல்ல, வாரக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகக் காதால் கேட்டே மனப்பாடம் செய்பவர்கள். 1992-இல் ஸ்டீல் பான் நாட்டின் தேசிய இசைக்கருவியானது. 2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல் பான் தினமாக அறிவித்தது.

கார்னிவல் அன்று அங்கே அரசு விடுமுறையா?

இல்லை! நம்பவே மாட்டீர்கள். கார்னிவல் திங்களும் செவ்வாயும் அரசு விடுமுறைப் பட்டியலில் கிடையாது. ஆனால் யாரும் வேலைக்குப் போவதில்லை, பள்ளிகள் மூடியிருக்கும், நாடே தெருவில் இருக்கும். அதே நாட்டில் தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் அரசு விடுமுறை உண்டு. அடிமை விடுதலை நாளான ஆகஸ்ட் 1-ஐத் தேசிய விடுமுறையாக்கிய முதல் சுதந்திர நாடும் இதுதான், 1985-இல்.

இந்தியர்கள் எப்படி அங்கே போனார்கள்?

அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான ஆள் வேண்டியிருந்தது. விடுதலையானவர்கள் பழைய முதலாளியிடம் அதே கூலிக்கு வேலை செய்ய விரும்பவில்லை, யார்தான் விரும்புவார்கள்? 1845 மே 30 அன்று 'ஃபத்தேல் ரசாக்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சுமார் 225 பேரோடு போர்ட் ஆஃப் ஸ்பெயின் வந்து சேர்ந்தது. மூன்று மாதத்துக்கும் மேல் கடலில். அதிலிருந்து 1917 வரை ஏறத்தாழ 1,47,000 பேர் வந்தார்கள், பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்துப் போஜ்புரிக்காரர்கள்.

ஐந்து வருஷ ஒப்பந்தம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் ஜெயில். குடியிருந்தது பெரும்பாலும் அடிமைகள் இருந்ததைப் போன்ற லைன் வீடுகளில். ஒரே கப்பலில் வந்தவர்கள் சாதி பார்க்காமல் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் அண்ணன் தம்பி, என்று உறவு கொண்டாடினார்கள், அந்த உறவு தலைமுறை தாண்டியும் நின்றது. திரும்பிப் போகும் பயணச் செலவுக்குப் பதிலாக நிலம் தருகிறோம் என்று அரசு சொன்னதும் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் 35 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 34 சதவீதம், கலப்பினத்தவர் 23 சதவீதம். மே 30 இன்று தேசிய விடுமுறை. 1995-இல் பாஸ்தியோ பாண்டே முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் நைபால் பிறந்ததும் இந்தக் கரும்பு மண்ணில் இருக்கும் சகுவானாஸ் ஊரில்தான்.

தமிழர்கள் இருக்கிறார்களா?

இருந்தார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் இருக்கிறார்கள், தமிழ் இல்லை.

மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஆனால் வந்தவர்களில் மதராஸ்காரர்கள் சிறுபான்மைதான், சில ஆயிரம் பேர். தமிழோ தெலுங்கோ, அங்கே எல்லோரும் 'மதராசி'. முனுசாமி 'மூன்சாமி' ஆனது, முத்து 'மூட்டூ' ஆனது, குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் கல்கத்தா தெரு, டெல்லி தெரு, பம்பாய் தெருவோடு மதராஸ் தெருவும் இருக்கிறது.

மொழி போனாலும் சாமி போகவில்லை. வடநாட்டுப் பண்டிதர்கள் நடத்தும் பெரிய கோயில்களுக்கு வெளியே, 'காளி மாய் பூஜை' என்று ஒரு வழிபாடு உயிரோடு இருக்கிறது. வேப்பிலை, தப்பு மேளம், சாமியாடுதல், தீமிதி எல்லாம் உண்டு. மாரியம்மனோடு 'மத்ராவீரன்', 'முனீஸ்பிரன்', 'சங்கனி' என்று தெய்வங்கள் நிற்கின்றன. மதுரைவீரனையும் முனீஸ்வரனையும் சங்கிலிக் கருப்பனையும் நமக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? சாமியை அழைக்கும் பாட்டில் தமிழ்ச் சொற்கள் வரும், பாடுபவருக்கே முழுப் பொருளும் தெரியாது. பலி கொடுக்கிறார்கள், பேய் ஓட்டுகிறார்கள் என்று மற்ற இந்துக்களே இவர்களைக் கீழாகப் பார்த்த காலம் நீண்டது. கயானாவிலிருந்த மதராசிப் பூசாரிகளின் தொடர்பால் 1970-களில் இது மறுபடி துளிர்த்தது. நூற்று ஐம்பது வருஷமாகத் தமிழே தெரியாத வாய்களில் மதுரைவீரன் பெயர் தங்கியிருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

மொஹரம் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததா?

நடந்தது, 1884 அக்டோபர் 30, சான் ஃபெர்னாண்டோ. முரசுக்குத் தடை வந்த அதே வருஷம்தான் என்பதைக் கவனியுங்கள். மூங்கிலும் வண்ணக் காகிதமும் கொண்டு கட்டிய சமாதி மாதிரிகளைச் சுமந்து, தாசா மேளத்தோடு தோட்டத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் ஊருக்குள் வருவார்கள். அதற்கு 'ஹோசே' என்று பெயர், நபிகள் நாயகத்தின் பேரன் ஹுசைனின் பெயரிலிருந்து வந்தது. முஸ்லிம்கள் விழாவாக இருந்தாலும் நடந்தவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள், மேளம் அடித்தவர்களில் ஆப்பிரிக்கர்களும் உண்டு. இத்தனை தொழிலாளர்கள் ஒன்றுகூடுவதுதான் அரசுக்குப் பயம். ஊருக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள், மக்கள் வழக்கம்போல் வந்தார்கள், போலீசார் சுட்டார்கள். பதினாறு பேராவது இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம்.

ஹோசே நிற்கவில்லை. செயின்ட் ஜேம்ஸ் தெருக்களில் இன்றும் நடக்கிறது. நெருப்பு மூட்டித் தாசாவின் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். அந்தத் தாசா இப்போது கல்யாணத்திலும் கார்னிவலிலும் கிரிக்கெட் மைதானத்திலும் ஒலிக்கிறது, வாசிப்பவர் எந்த இனம் என்று யாரும் பார்ப்பதில்லை.

கடலுக்குள் ஒரே ஆள் கோயில் கட்டினாராமே?

சிவதாஸ் சாது. கரும்புத் தோட்டத் தொழிலாளி. 1940-களின் கடைசியில் வாட்டர்லூ என்ற ஊரில் கடற்கரையோரம் ஒரு சின்னக் கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனிக்குச் சொந்தம். இடிக்கச் சொன்னார்கள், மறுத்தார், 1952-இல் இடித்துவிட்டு அவரை 14 நாள் சிறையிலும் வைத்தார்கள்.

வெளியே வந்தவர் ஒரு முடிவு எடுத்தார். நிலத்தில் கட்டினால்தானே சொந்தக்காரன் வருவான்? கடலுக்கு யார் சொந்தம்? சைக்கிளில் கல்லும் சிமெண்டும் கட்டிக்கொண்டு வந்து, நீர் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி, பீப்பாய்களில் கான்கிரீட் நிரப்பி அடித்தளம் போட்டார். பல வருஷம், ஒற்றை ஆளாக. பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அவர் இறந்த பிறகு அலையில் சிதைந்துபோன கோயிலை, இந்தியர் வருகையின் 150-ஆம் ஆண்டை ஒட்டி 1995 வாக்கில் அரசே எடுத்துக் கட்டியது. இன்று நாட்டின் முக்கியமான சுற்றுலா இடங்களில் ஒன்று.

மாதா கோயிலில் இந்துக்கள் மொட்டை போடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. தெற்கே சிபாரியா ஊரில் கத்தோலிக்க ஆலயத்தில் கருத்த நிறத்தில் ஒரு மாதா சிலை உண்டு. இந்துக்களுக்கு அவள் 'சிபாரி மாய்'. பெரிய வியாழனும் புனித வெள்ளியும் அவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து எண்ணெய், அரிசி, பூ வைத்துக் கும்பிடுவார்கள், குழந்தைக்கு முதல் முடி எடுப்பதும் அங்கேதான். ஈஸ்டருக்குப் பிறகு கத்தோலிக்கர்கள் தங்கள் திருவிழாவைத் தனியாக நடத்திக்கொள்வார்கள். ஒரே சிலை, இரண்டு கூட்டம்.

சத்தமாக ஜெபித்ததற்குச் சிறையா?

ஆமாம். ஆப்பிரிக்க வழக்கமும் கிறிஸ்தவமும் கலந்த ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்ட் மக்கள் தலையில் துணி கட்டி, மணி அடித்து, உரக்கக் குரல் கொடுத்து ஜெபிப்பார்கள். 1917-இல் 'கத்துபவர்கள் தடைச் சட்டம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 34 வருஷம் காட்டுக்குள்ளும் இருட்டிலும் ஒளிந்து ஜெபித்தார்கள், பிடிபட்டவர்கள் அபராதமும் சிறையும் அனுபவித்தார்கள். 1951 மார்ச் 30 அன்று சட்டம் நீங்கியது. 1996 முதல் அந்த மார்ச் 30 தேசிய விடுமுறை.

அமெரிக்க அடிமைகள் டிரினிடாடுக்கு ஓடிவந்தார்களா?

ஓடிவந்தார்கள் என்பதைவிடச் சண்டை போட்டு வந்தார்கள் என்பது சரி. 1812-இல் தொடங்கிய பிரிட்டன் அமெரிக்கப் போரில், எங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்று பிரிட்டன் அறிவித்தது. தப்பி வந்த அடிமைகள் சீருடை போட்டு, தங்களை அடிமைப்படுத்திய நாட்டுக்கு எதிராகவே போரிட்டார்கள். 1815, 1816-இல் அவர்களையும் குடும்பங்களையும் தெற்கு டிரினிடாடில் ஆளுக்கு 16 ஏக்கர் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். 'மெரிக்கின்' என்று பெயர் வந்தது, அமெரிக்கன் என்பதன் திரிபு. ராணுவக் கம்பெனி வாரியாக உட்கார்ந்ததால் 'தேர்ட் கம்பெனி', 'ஃபிஃப்த் கம்பெனி' என்ற ஊர்ப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. பக்கத்துத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்துக்கொண்டிருக்க, இவர்கள் சொந்த நிலத்தில் சுதந்திரமாக வாழ்ந்தார்கள். பாப்டிஸ்ட் நம்பிக்கையைத் தெற்கு டிரினிடாடுக்குக் கொண்டுவந்தவர்களும் இவர்களே. தண்ணீர் கட்டாமல் மேட்டு நிலத்தில் விளையும் ஒரு சிவப்பு நெல்லையும் கொண்டுவந்தார்கள், மொருகா பக்கம் அது இன்னும் விளைகிறது.

சாப்பாடு எப்படி?

'டபுள்ஸ்' சாப்பிடாதவன் டிரினிடாட் போனதாகச் சொல்லக்கூடாது. மஞ்சள் போட்டு மாவு பிசைந்து எண்ணெயில் பொரித்த மெத்தென்ற 'பாரா' இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்டினி, வெள்ளரி, 'குச்சேலா' என்கிற மாங்காய்த் துருவல், அப்புறம் மிளகாய்க் காரம். விடிகாலையிலேயே ரோட்டோரம் நின்று சாப்பிடுவார்கள். 1930-களில் பிரின்சஸ் டவுனில் ஒரு பாராவில் கடலை வைத்து விற்றபோது, வாடிக்கையாளர்கள் பாராவை இரட்டையாகக் கேட்டதால் வந்த பெயர் இது. ஏழை இந்தியர் சாப்பாடாக இருந்தது இன்று எல்லோருடைய காலை உணவு. காரம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார், 'ஸ்லைட்' (கொஞ்சம்) என்று சொல்லுங்கள், அதுவே போதும். 2012-இல் உலகிலேயே மிகக் காரமானது என்று ஆய்வில் முதலிடம் வந்த 'மொருகா ஸ்கார்ப்பியன்' மிளகாய் அந்த ஊர்ச் சரக்குதான்.

பிய்த்துப் போட்ட பரோட்டாவுக்கு 'பஸ் அப் ஷட்' என்று பெயர், கிழிந்த சட்டை மாதிரி இருக்கிறதாம். ஆலு, பாஜி, பைகன் எல்லாம் அங்கே எல்லா இனத்தவருக்கும் அன்றாடச் சொற்கள்.

தார் ஏரி என்று ஒன்று உண்டா?

லா பிரேயாவில், சுமார் 40 ஹெக்டேரில், இயற்கைத் தார். ஏரி என்கிறார்கள், மேலே நடக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் கால் மெல்ல இறங்கும். ஆழம் 75 மீட்டர். 1595-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலி தன் கப்பல்களின் ஓட்டையை இந்தத் தாரால் அடைத்தார். 1870-களில் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்குப் போட்டதும் இதுதான். வெட்டியெடுத்த பள்ளம் தானாகவே நிரம்பிவிடும்.

சுற்றுச்சூழல் பாதுகாப்பிலும் முன்னோடி என்கிறார்களே?

டொபாகோவின் மெயின் ரிட்ஜ் காடு. 1776 ஏப்ரல் 13 அன்றே சட்டம் போட்டுக் காப்பாற்றிய காடு. மேற்கு அரைக்கோளத்தில் சட்டப் பாதுகாப்பு பெற்ற காடுகளில் மிகப் பழையது. கரும்புக்காக மரமெல்லாம் விழுந்துகொண்டிருந்த காலம் அது. மரத்துக்கும் மழைக்கும் தொடர்புண்டு என்று ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற அறிவியலாளர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சோம் ஜெனின்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பத்து வருஷத்துக்கு மேல் மன்றாடித்தான் இது நடந்தது. மழைக்காகக் காடு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இந்த நாட்டில் ஆங்கிலேயர்கள் போட்ட தடைகளில் நான் மனமார வரவேற்கும் ஒரே தடை, இந்தக் காட்டில் மரம் வெட்டத் தடை.

கிரிக்கெட்டில் தனி நாடாக ஏன் ஆடுவதில்லை?

வெஸ்ட் இண்டீஸ் என்பது பல நாடுகள் சேர்ந்த அணி, அதனால். லாரா, பொல்லார்ட், நரைன், நம்ம சிஎஸ்கேவுக்கு ஆடிய பிராவோ எல்லோரும் டிரினிடாட்காரர்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் சோனி ராமாதினும் இந்த மண்தான், 1950-இல் லார்ட்ஸில் இங்கிலாந்தைச் சுருட்டியவர். 1971-இல் இந்தியா முதன்முதலாக வெஸ்ட் இண்டீஸை டெஸ்டில் வென்றது போர்ட் ஆஃப் ஸ்பெயினில். கவாஸ்கருக்கு அது முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் சென்னையின் வெங்கட்ராகவன். கால்பந்தில் தனி நாடாகவே ஆடுகிறார்கள். 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, அதுவரை தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது இதுதான்.

நாடாளுமன்றத்தையே பிணையாகப் பிடித்தார்களா?

1990 ஜூலை 27. ஜமாத் அல் முஸ்லிமீன் என்ற ஆயுதக் குழு, 114 பேர், நாடாளுமன்றத்தையும் தொலைக்காட்சி நிலையத்தையும் பிடித்தது. பிரதமர் ஏ.என்.ஆர். ராபின்சன், டொபாகோக்காரர். ராணுவத்தைப் பின்வாங்கச் சொல் என்று துப்பாக்கி முனையில் மிரட்டியபோது, முழு பலத்தோடு தாக்குங்கள் என்று உத்தரவிட்டார். அவரைக் காலில் சுட்டார்கள். ஆறு நாள் கழித்து அவர்கள் சரணடைந்தார்கள். இதே ராபின்சன்தான் அதற்கு முந்தைய வருஷம் ஐ.நா.வில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்ற பழைய யோசனையை மறுபடி எழுப்பியவர். இன்று ஹேக் நகரில் அந்த நீதிமன்றம் இருக்கிறதென்றால் அதில் இவர் பங்கு பெரியது.

நாட்டுச் சின்னத்தை மாற்றிவிட்டார்களாமே?

ஆமாம். விடுதலையான நாளிலிருந்து சின்னத்தின் நடுவில் இருந்தவை கொலம்பஸின் மூன்று கப்பல்கள். 2024 ஆகஸ்டில் அரசு மாற்றத்தை அறிவித்தது, பிறகு சட்டமும் நிறைவேறியது. சின்னத்தில் இருந்த ஹம்மிங்பேர்ட் பறவைகள் அப்படியே இருக்கின்றன. கப்பல்கள் இருந்த இடத்தில் இப்போது தங்க நிறத்தில் ஒரு ஸ்டீல் பான், அதை வாசிக்க இரண்டு குச்சிகள்.